ஸ்டோர்ம்வொர்க்ஸ் விமானக் கருவித் திரை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஸ்டோர்ம்வொர்க்ஸ்: பில்ட் அண்ட் ரெஸ்க்யூ விளையாட்டில் மானிட்டரும் லூவா என்ற நிரல் மொழியில் எழுதும் ஸ்கிரிப்டும் வைத்து விமானத்துக்குக் கருவித் திரை கட்டுகிறவர்களுக்காக இது. செயற்கைத் தொடுவானம், வேகம், உயரம், ஏறுவேகம், திசை ஆகிய ஐந்தும் ஒரே திரையில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு கண்ணுக்குத் தெரிவது திரையில். ஆனால் அது பிறந்த இடம் பெரும்பாலும் சென்சாரை வைத்த திசையிலோ, காம்போசிட் (பல சிக்னல்களை ஒன்றாகக் கொண்டுபோகும் இணைப்பு) சேனலிலோ, அலகு மாற்றாமல் விட்ட ஒரு கணக்கிலோ இருக்கும். வரையும் வரிகளைத் திருத்தித் திருத்தி நேரம் போவது இதனால்தான்.

கீழே உள்ளவை எல்லாம் இந்த அமைப்பை வைத்துச் சொல்லப்படுகின்றன:

- பிசிக்ஸ் சென்சார் 1. அம்புக்குறி மூக்கை நோக்கி, மேல்பக்கம் மேலே.
- டில்ட் சென்சார் 1. அம்புக்குறி செங்குத்தாக மேலே. இது எதற்கு என்பது தொடுவானப் பகுதியில் வரும்.
- 3×3 மானிட்டர் 1. அதாவது 96×96 பிக்சல்.
- மைக்ரோகன்ட்ரோலர் 1. உள்ளே வர ஒரு காம்போசிட், ஒரு எண். வெளியே போக ஒரு வீடியோ.
- மைக்ரோகன்ட்ரோலருக்குள் எண் எழுதும் காம்போசிட் ரைட் பிளாக் ஒன்று, தொடக்கச் சேனல் 18. பிசிக்ஸ் சென்சாரின் காம்போசிட் இதன் காம்போசிட் உள்ளீட்டுக்கு, டில்ட் சென்சாரின் எண் இதன் எண் உள்ளீட்டுக்கு. பிளாக்கின் வெளியீடு லூவாவுக்கு.

பிசிக்ஸ் சென்சார் முதல் 17 எண் சேனல்களை நிரப்பிவிடும். 1, 2, 3 நிலை, 4 முதல் 6 வரை ஆய்லர் கோணங்கள், 7, 8, 9 வாகனத்தின் சொந்த அச்சுகளில் வேகம் (வலம், மேல், முன்), 10 முதல் 12 வரை சுழல் வேகம், 13 மொத்த வேகம், 14 மொத்தச் சுழல் வேகம், 15 மூக்கின் சாய்வு, 16 வலப்பக்கச் சாய்வு, 17 திசைகாட்டி. ஒரு காம்போசிட்டில் 32 எண்ணும் 32 ஆன்/ஆஃப் சிக்னலும் போகும். ஆகவே 18க்கு மேல் இடம் தாராளமாகவே இருக்கிறது.

எதையும் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை

திரையை வரையும் ஆன்டிரா ஃபங்ஷனின் முதல் இரண்டு வரிகளாகப் பச்சை நிறத்தைத் தேர்ந்து, திரை முழுவதையும் அந்த நிறத்தால் நிரப்பும் டிராகிளியர் கட்டளையைக் கொடுங்கள். திரை பச்சையானால் மின்சாரம், வீடியோ இணைப்பு, ஸ்கிரிப்ட் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து 15, 16, 17, 18 சேனல்களை எந்தக் கணக்கும் போடாமல், மூன்று தசம இடத்தோடு அப்படியே எழுத்தாக அச்சிடுங்கள். சமதரையில் நிற்கும் விமானத்தில் 15உம் 16உம் 0க்கு அருகில், 18 சேனல் 0.25க்கு அருகில் இருக்க வேண்டும்; 17 மூக்கு நோக்கும் திசையைப் பொறுத்து −0.5க்கும் 0.5க்கும் இடையே இருக்கும். வால்சக்கர விமானமாக இருந்தால் 15 சேனல் 0.03 போலவும் 18 சேனல் 0.22 போலவும் நிற்கும்; அது 11 பாகை மூக்குத் தூக்கல், கோளாறு இல்லை.

இந்த நான்கு எண்ணும் சரி என்றால் சென்சாரையும் கம்பியையும் இனித் தொட வேண்டாம். கணக்கிலோ வரைதலிலோதான் தேட வேண்டும். சரியில்லை என்றால் வரையும் வரிகள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

திரை முழுக்கக் கறுப்பு

பச்சைச் சோதனையும் தோற்றால் முதலில் மின்சாரம். மானிட்டருக்குத் தனி மின் இணைப்புப் புள்ளி உண்டு. வீடியோ கம்பியை இழுத்துவிட்டு இதை மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, நடுவில் சர்க்யூட் பிரேக்கர் திறந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் சரி என்றால் மைக்ரோகன்ட்ரோலரைத் திறங்கள். லூவா பிளாக்கின் வீடியோ வெளியீடு, மைக்ரோகன்ட்ரோலரின் வெளி வீடியோ முனையோடு உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்க வேண்டும். வெளியே வாகனத்தில் மானிட்டருக்குக் கம்பி போட்டிருப்பது தனி. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கறுப்புதான்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நயவஞ்சகமானது: ஃபங்ஷன் பெயரில் எழுத்துப் பிழை. விளையாட்டின் ஒவ்வொரு டிக்கிலும் (விநாடிக்கு 60) ஓடும் ஆன்டிக், திரையை வரையும் ஆன்டிரா இரண்டிலும் ‘ஆன்’ சிறிய எழுத்தில், அதற்கடுத்த எழுத்து மட்டும் பெரிய எழுத்தில். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடித்தால் லூவா அதை நீங்கள் உருவாக்கிய வேறொரு ஃபங்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது. அந்த ஃபங்ஷனை யாரும் அழைக்கவும் மாட்டார்கள்.

பச்சை வருகிறது, ஆனால் அதற்குமேல் எதுவும் வரவில்லை என்றால் மதிப்பே இல்லாத மாறி ஒன்று ஆன்டிராவுக்குள் கணக்கில் சிக்கியிருக்கிறது. ஆன்டிக் ஒருமுறைகூட ஓடும் முன்பே ஆன்டிரா அழைக்கப்படலாம். அப்போது உயரம், சாய்வு எல்லாமே வெறுமை. வெறுமையோடு பெருக்கினால் பிழை. ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்லா மாறிக்கும் 0 என்று தொடக்க மதிப்பு கொடுத்துவிடுங்கள்.

எண்கள் எல்லாம் 0

சேனலின் எண்ணை வாங்கும் கெட்நம்பர் கட்டளை ஆன்டிக்குக்குள் இருக்கிறதா? சென்சார் மதிப்பை ஆன்டிக்கில் வாங்கி மாறியில் வைக்க வேண்டும், ஆன்டிராவில் அந்த மாறியை எடுத்து வரைய வேண்டும். ஆன்டிராவுக்குள் நேரடியாக உள்ளீட்டைக் கேட்டால் கிடைக்காது. அதேபோல வரையும் கட்டளைகளை ஆன்டிக்கில் போட்டாலும் நடக்காது.

18 சேனல் மட்டும் வருகிறது, மற்ற 17உம் 0 என்றால் காம்போசிட் ரைட் பிளாக்கின் காம்போசிட் உள்ளீடு வெறுமையாக இருக்கிறது. அந்த பிளாக் தனக்குச் சொன்ன சேனலை மட்டும் எழுதும். மற்றவை உள்ளே வந்தால்தான் வெளியே போகும்.

இரண்டு லூவா பிளாக்குகளை அடுத்தடுத்துப் போட்டவர்களுக்கு ஒன்று. முதல் லூவாவுக்குள் வந்த காம்போசிட் தானாக இரண்டாவதற்குப் போகாது. லூவாவின் வெளியீட்டில் நீங்கள் செட்நம்பர் கட்டளையால் எண் எழுதிய சேனல்கள் மட்டுமே இருக்கும். சென்சாரின் காம்போசிட்டை இரண்டு பிளாக்குக்கும் தனித்தனிக் கம்பியில் கொடுப்பதே சுலபம். வீடியோ மட்டும் வேறு மாதிரி: முதல் பிளாக்கின் வீடியோவை இரண்டாவதன் வீடியோ உள்ளீட்டில் கொடுத்தால், முதலாவது வரைந்ததற்கு மேலே இரண்டாவது வரையும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென உறைந்தது

பெரும்பாலும் எண்ணை எழுத்தாக்கும் வரிதான் குற்றவாளி. விளையாட்டில் இருப்பது லூவா 5.3 வகை. அதில் முழு எண் வடிவத்தைக் கேட்டுவிட்டு, அதாவது சதவீதக் குறிக்குப் பின் ‘டி’ போட்டுவிட்டு, 3.7 போன்ற தசம எண்ணைக் கொடுத்தால் வட்டமாக்கித் தராது; முழு எண்ணாக்க முடியாது என்று பிழை போட்டு நின்றுவிடும். தரையில் நிற்கும்போது மதிப்பு சரியாக 0 என்பதால் ஓடும். விமானம் நகர்ந்ததும் சாகும். மதிப்போடு 0.5 கூட்டி, ஃப்ளோர் செய்து (கீழ் முழு எண்ணாக்கி), பிறகு எழுத்தாக்குங்கள்.

வட்டமாக்குவதை எழுத்தாக்கும் கட்டளையிடமே விட்டு, தசமம் இல்லாத மிதவை எண் வடிவத்தைக் கேட்பவர்களும் உண்டு. அது சாகாது, ஆனால் −0.3ஐ ‘−0’ என்று அச்சிடும். ஏறுவேகக் காட்டியில் 0க்குப் பக்கத்தில் அந்தக் கழித்தல் குறி மின்னி மின்னிக் கண்ணைக் குத்தும். ஃப்ளோர் வழியில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சாவு, 0ஆல் வகுத்தல். லூவா அப்போது நிற்காது. முடிவிலியையோ எண்ணல்லாத மதிப்பையோ கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். அந்த மதிப்பு எழுத்தாக்கும் வரிக்கு வந்து சேரும்போதுதான் வெடிக்கும். எரிபொருள் அளவை நுகர்வு வீதத்தால் வகுத்து மீதி நேரம் காட்டும் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் அணைந்த கணமே வகுக்கும் எண் 0. வகுக்கும் முன் அது 0.0001ஐவிடப் பெரிதா என்று பாருங்கள்.

தொடுவானம் அசையவே இல்லை, அல்லது துளி அசைவுக்கு ராட்டினமாகச் சுற்றுகிறது

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். டில்ட் சென்சாரும் பிசிக்ஸ் சென்சாரின் 15, 16, 17 சேனல்களும் கோணத்தைச் சுற்று அலகில் தருகின்றன. 1 என்றால் முழுச் சுற்று, 0.25 என்றால் 90 பாகை. லூவாவின் சைன், கொசைன் கேட்பது ரேடியன். சுற்று மதிப்பை அப்படியே சைனுக்குள் போட்டால் 90 பாகைச் சாய்வு 14 பாகை போலத் தெரியும், தொடுவானம் சோம்பேறியாகும். பாகையாக்கிய மதிப்பை சைனுக்குள் போட்டால் ராட்டினம்.

சைன், கொசைனுக்குள் போகும் எதுவாக இருந்தாலும் முதலில் 6.2832ஆல் பெருக்குங்கள். மனிதர் படிக்க அச்சிடும் எதுவாக இருந்தாலும் 360ஆல். மாறியின் பெயரிலேயே அலகை ஒட்டவைத்துவிட்டால், பெயரின் கடைசியில் சுற்றுக்கு ஒரு எழுத்து, ரேடியனுக்கு ஒரு எழுத்து, பாதிக் குழப்பம் பிறக்கவே பிறக்காது.

தொடுவானம் எதிர்ப்பக்கம் சாய்கிறது

வலப்பக்கம் சாய்ந்தால் திரையில் தொடுவானத்தின் வலமுனை மேலே போக வேண்டும். மூக்கைத் தூக்கினால் கோடு கீழே இறங்க வேண்டும். இதை மனதில் நிறுத்தாமல் குறியை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு ‘சரி’யை உண்டாக்கும், தலைகீழாகப் பறக்கும் வரை அது தெரியாது.

பிசிக்ஸ் சென்சார் 16 சேனலில் தருவது வலப்பக்கம் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை. ஆக வலப்பக்கம் தாழ்ந்தால் மதிப்பு எதிர்மம். சாய்வை ‘வலம் தாழ்ந்தால் நேர்மம்’ என்று வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரே ஒரு இடத்தில், மதிப்பை வாங்கும் வரியில், குறியை மாற்றுங்கள். வரையும் வரிகளில் வேண்டாம். திரையின் செங்குத்து அச்சு கீழ்நோக்கிக் கூடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்: மேல் விளிம்பு 0, கீழ் விளிம்பு 95.

குறியை எப்படி மாற்றினாலும் பிடிபடவில்லையா? சென்சாரே திரும்பியிருக்கும். கட்டும்போது பிரதிபலிப்பு வசதியைப் பயன்படுத்தி வைத்த சென்சார்களில் இது அடிக்கடி நடக்கும். எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இறக்கை மடிப்பு, ரோட்டர் தலை, தரையிறங்கு சக்கரக் கால் போன்ற நகரும் துணை உடலில் சென்சார் உட்கார்ந்திருந்தால் அது அந்தப் பாகத்தின் சாய்வைச் சொல்லும். சென்சார் எப்போதும் முதன்மை உடலில் இருக்கட்டும்.

சமநிலையில் சரி, செங்குத்தாக ஏறும்போதோ தலைகீழாகும்போதோ பொய் சொல்கிறது

பலர் கைவிட்டுவிடும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நிதானமாக.

டில்ட் சென்சார் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தன் அம்புக்குறி கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நோக்குகிறது. அதன் எல்லை −0.25 முதல் 0.25 வரை. இதில் இரண்டு சிக்கல். விமானம் 150 பாகை உருண்டிருந்தாலும் பக்கவாட்டு அம்பு 30 பாகைதான் தாழ்ந்திருக்கும். சென்சார் 30 என்றே சொல்லும். தலைகீழாக இருப்பதை அது அறியாது. அடுத்து, மூக்கு 60 பாகை தூக்கியிருக்கும்போது 30 பாகை உருண்டால், பக்கவாட்டு அம்பு கிடைமட்டத்திலிருந்து விலகுவது 14.5 பாகை மட்டுமே. காரணம், சென்சார் காட்டும் கோணத்தின் சைன் என்பது உருளலின் சைனையும் மூக்குத் தூக்கலின் கொசைனையும் பெருக்கியது: 0.5 × 0.5 = 0.25.

மேல்நோக்கிய டில்ட் சென்சார் இங்கேதான் கைகொடுக்கிறது. அது காட்டும் கோணத்தின் சைன் என்பது உருளலின் கொசைனையும் மூக்குத் தூக்கலின் கொசைனையும் பெருக்கியது. இரண்டையும் வகுத்தால் மூக்குத் தூக்கல் அடிபட்டுப் போய், தூய உருளல் மிஞ்சும். வகுப்பதை நாமே செய்யாமல், கோணத்தைக் கண்டுபிடிக்கும் ஏடேன் ஃபங்ஷனிடம் இரண்டு மதிப்புகளாகக் கொடுத்தால் எந்தக் கால்வட்டம் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்:

உருளல் = ஏடேன்(−சைன்(16 × 6.2832), சைன்(18 × 6.2832))

இதில் 16, 18 என்பவை அந்தச் சேனல்களின் மதிப்பு. விடை ரேடியனில், −180 முதல் 180 பாகை வரை முழு வட்டத்துக்கும் வரும். லூவா 5.3இல் இரண்டு மதிப்புகளை வாங்கிக்கொள்வது சாதாரண ஏடேன்தான். பழைய ஸ்கிரிப்டுகளில் பார்த்த ‘ஏடேன்2’ என்ற பெயரை நகலெடுத்தால் பிழை விழலாம்.

மூக்கு நேர் மேலே அல்லது நேர் கீழே நிற்கும்போது இரண்டு சைன்களும் 0. அந்த நிலையில் உருளல் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. தொடுவானம் பைத்தியமாய்ச் சுழலும். இரண்டின் அளவும் 0.02க்குக் கீழே போனால் பழைய உருளலையே வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மூக்கைக் கீழே குத்தினால் நிலம் மறைந்து வானம் தெரிகிறது

நிலத்தைச் சுழற்றிய பெரிய செவ்வகமாக, இரண்டு நிரப்பு முக்கோணங்களால் வரைவதுதான் நல்ல முறை. நெட்டுக்கோடுகளாக ஒவ்வொரு பிக்சல் வரிசையையும் டேன் கணக்கில் நிரப்பும் முறை 90 பாகைச் சாய்வில் உடைந்துபோகும்.

செவ்வகத்தின் ஆழம் போதாமல் இருப்பதுதான் இந்த அறிகுறிக்குக் காரணம். ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 96 பிக்சல் உயரத்தில் 40 பாகை தெரிய வேண்டுமானால் பாகைக்கு 2.4. மூக்கு 70 பாகை கீழே போனால் தொடுவானக் கோடு நடுவிலிருந்து 168 பிக்சல் மேலே போயிருக்கும். செவ்வகத்தின் ஆழம் 96 மட்டுமே என்றால் அதன் அடி விளிம்பும் திரைக்கு மேலே போய்விடும். பிறகு திரையில் மிஞ்சுவது பின்னணி வானம். ஆழத்தைத் திரையின் அகலம் + உயரம் + 90 × (பாகைக்குப் பிக்சல்) என்று வையுங்கள். இங்கே அது 408. அகலத்துக்கு நடுவிலிருந்து இரு பக்கமும் அகலம் + உயரம், அதாவது 192, போதும்.

மூலைகளைக் கண்டுபிடிக்க:

- தொடுவானத்தின் நடுப்புள்ளி = திரை நடு + மூக்குத் தூக்கல் (பாகை) × 2.4 × (சைன் உருளல், கொசைன் உருளல்)
- கோட்டின் வழியே போகும் திசை = (கொசைன் உருளல், −சைன் உருளல்)
- நிலத்தை நோக்கிய திசை = (சைன் உருளல், கொசைன் உருளல்)

நடுப்புள்ளியிலிருந்து கோட்டின் திசையில் இருபுறமும் 192 நகர்ந்தால் மேல் மூலைகள் இரண்டு. அவற்றிலிருந்து நிலத் திசையில் 408 நகர்ந்தால் கீழ் மூலைகள் இரண்டு. முக்கோணங்கள் சேரும் இடத்தில் மெல்லிய கீறல் தெரிந்தால் அதன்மேல் நிலத்தின் நிறத்திலேயே ஒரு கோடு வரைந்து மூடிவிடுங்கள். தொடுவானத்தின் வெள்ளைக் கோடு எல்லாவற்றுக்கும் கடைசியில். முன்னால் வரைந்தால் நிலம் அதை விழுங்கிவிடும்.

திசை கண்ணாடியில் பார்த்தது போல, அல்லது வடக்கில் குதிக்கிறது

17 சேனலில் வடக்கு 0, மதிப்பு −0.5 முதல் 0.5 வரை. கிழக்குக்குத் திரும்பினால் −0.25 வரும், நாம் எதிர்பார்ப்பது 90 பாகை. 1லிருந்து மதிப்பைக் கழித்து, 1ஆல் வகுத்த மீதியை எடுத்து, 360ஆல் பெருக்குங்கள். லூவாவின் மீதிக் குறி, வகுக்கும் எண் நேர்மமாக இருந்தால் எப்போதும் நேர்ம விடையே தரும். ஆகவே தனியாக நிபந்தனை வரிகள் தேவையில்லை.

அச்சிடும்போது 359.7 வட்டமாகி 360 ஆகிவிடும். வட்டமாக்கிய பிறகு 360ஆல் மீண்டும் ஒரு மீதி எடுங்கள். மூன்று இலக்கமாக, முன்னால் 0 நிரப்பி, 007 என்பது போல அச்சிட்டால் எண் இடம் மாறி ஆடாது.

ஊசி நடுங்குகிறது என்று சராசரி போட்டவர்களுக்கு வேறு பிரச்சினை வரும்: 359க்கும் 1க்கும் சராசரி 180. வடக்கைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஊசி தெற்கு வழியாக ஒரு சுற்றுப் போய்வரும். சுற்று அலகிலேயே, புதிய மதிப்பிலிருந்து பழையதைக் கழித்து, 0.5 கூட்டி, 1ஆல் மீதி எடுத்து, 0.5 கழியுங்கள். வருவது குறுக்கு வழி வித்தியாசம். அதில் ஒரு பங்கை, 0.2 போல, பழைய மதிப்போடு கூட்டுங்கள். உருளலை மென்மையாக்கவும் இதே வித்தைதான்.

ஏறுவேகம் நிலையில்லாமல் துள்ளுகிறது

ஏறுவேகம் என்பது இந்த டிக்கின் உயரத்திலிருந்து சென்ற டிக்கின் உயரத்தைக் கழித்து 60ஆல் பெருக்குவது; விளையாட்டு விநாடிக்கு 60 டிக் ஓடுகிறது. உயரம் 2 சேனலில், கடல்மட்டத்திலிருந்து மீட்டரில். ஒரு டிக்கில் 2 சென்டிமீட்டர் அதிர்ந்தாலே திரையில் 1.2 மீ/வி வந்துவிடும், ஆகவே மென்மையாக்காமல் முடியாது. ஒவ்வொரு டிக்கிலும் காட்டும் மதிப்பை, புதிய மதிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் 0.05 பங்கு நகர்த்துங்கள். ஏறத்தாழ 20 டிக், அதாவது மூன்றில் ஒரு விநாடி, தாமதம் வரும். தரையிறங்கும்போது அது பொறுக்கக்கூடியதே. 0.01 வைத்தால் ஊசி அழகாக இருக்கும், விமானம் தரையில் மோதிய பிறகு உண்மையைச் சொல்லும்.

விமானம் தோன்றியவுடன் மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரு எண் பாய்ந்து வந்து மெல்ல இறங்கினால், பழைய உயரத்தின் தொடக்க மதிப்பு 0 என்பதே காரணம். 20 மீட்டர் உயர ஓடுதளத்தில் அது முதல் டிக்கில் 1200 மீ/வி. முதல் டிக்கில் மட்டும் பழைய உயரத்தை இப்போதைய உயரமாக வைத்துவிடுங்கள். தானியங்கி விமானியும் இதே மதிப்பைப் படிக்கிறது என்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அலகு மாற்றம்: மீ/வி × 196.85 = நிமிடத்துக்கு அடி. மீட்டர் × 3.2808 = அடி.

மலைக்கு மேலே உயரம் தவறு என்று தோன்றினால் அது தவறில்லை. கடல்மட்ட உயரம் அது. தரையிலிருந்து உயரம் வேண்டுமானால் கீழ்நோக்கிய தூர சென்சார் வேண்டும். சாயும்போது அதன் கதிரும் சாயும் என்பதால், தூரத்தை 18 சேனலின் சைனால் பெருக்கினால் சமதரைக்கு மேல் செங்குத்து உயரம் கிடைக்கும்.

வேகம் கூடுதலாக, குறைவாக அல்லது எதிர்மமாக

நேர்கோட்டு வேக சென்சார் தன் அம்புக்குறியின் திசையில் உள்ள வேகத்தை மட்டும் சொல்லும். எதிர்மம் என்றால் அம்பு பின்னோக்கி இருக்கிறது. பிசிக்ஸ் சென்சாரில் இதற்கு இணை 9 சேனல். 13 மொத்த வேகம்: செங்குத்தாக இறங்கும் ஹெலிகாப்டரும் அதில் வேகம் காட்டும், ஆகவே விமான வேகக் காட்டிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். எல்லாமே மீ/வி. 3.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர், 1.944ஆல் பெருக்கினால் நாட். 100 மீ/வி என்பது 360 கிமீ/மணி, 194 நாட். காற்றின் வேகம் இவற்றில் சேராது.

எஞ்சின் சுழற்சியும் விநாடிக்கு எத்தனை சுற்று என்றே வரும். நிமிடக் கணக்கில் காட்ட 60ஆல் பெருக்குங்கள்.

வரைபடம் வடக்கே போனாலும் நகரவில்லை

பிசிக்ஸ் சென்சாரின் நிலையில் 1 கிழக்கு மேற்கு, 2 உயரம், 3 வடக்கு தெற்கு. டிராமேப் கட்டளைக்கு 1ஐயும் 3ஐயும் கொடுக்க வேண்டும். 1, 2 என்று கொடுத்தவர்களின் வரைபடம் விமானம் மேலே ஏறும்போது மட்டும் வடக்கே ஊர்ந்து போகும். அந்த வினோத அசைவே இந்தத் தவறின் கையெழுத்து. பெரிதாக்கும் மதிப்பு 0.1 முதல் 50 வரை. வரைபடம் திரை முழுவதையும் மூடிவிடும் என்பதால் அதை முதலில் வரையுங்கள்.

எழுத்து வெட்டுப்படுகிறது, சட்டம் ஒரு பக்கம் காணவில்லை

ஒரு எழுத்து 4 பிக்சல் அகலம், 5 பிக்சல் உயரம். இடைவெளியோடு 5 பிக்சல் நகரும். 32 பிக்சல் மானிட்டரில் வரிக்கு 6 எழுத்துதான். நிரப்பாத செவ்வகம் கொடுத்த அகலத்தைவிட 1 பிக்சல் பெரிதாக வரும். திரை ஓரச் சட்டத்துக்கு அகலத்திலும் உயரத்திலும் 1 கழித்துக் கொடுங்கள். நிரப்பிய செவ்வகத்துக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. கோடுகளில் கடைசிப் பிக்சல் விடுபடுவதும் உண்டு. முனையை 1 நீட்டினால் சரியாகும். அளவுகளை எண்ணாக அடிக்காமல் திரையின் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு வாங்கினால் நாளைக்கு வேறு மானிட்டருக்கு மாறும்போது மறுபடி உட்கார வேண்டியதில்லை.

நிறங்கள் வெளிறித் தெரிகின்றன

கணினியில் பார்த்துத் தேர்ந்த நிற எண்கள் மானிட்டரில் வெளுத்துத் தெரியும். அடர் நிறங்களுக்கு 255இல் 5 முதல் 30 வரையுள்ள மதிப்புகளை முயன்று பாருங்கள். நிலத்துக்குப் பழுப்பு 40, 15, 2 என்ற அளவில் தொடங்கலாம். இரவில் காக்பிட்டில் உட்கார்ந்து ஒருமுறை பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது மானிட்டர் இணைத்ததும் ஊசி இரட்டை வேகம்

ஆன்டிரா ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக ஓடும். மின்னும் எச்சரிக்கைக்கான எண்ணிக்கை, மென்மையாக்கும் கணக்கு, முந்தைய மதிப்பைச் சேமிப்பது ஆகியவை ஆன்டிராவுக்குள் இருந்தால் திரைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேகம் மாறும். நினைவு வைத்துக்கொள்ளும் எதுவும் ஆன்டிக்கில்தான் இருக்க வேண்டும்; ஆன்டிராவில் வரைவது மட்டும்.

ஹட் கண்ணாடி முழுக்க நிறம் நிரம்பி வெளியே தெரியவில்லை

மானிட்டருக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஹட் பாகத்துக்கு (விமானியின் கண்ணெதிரே உள்ள கண்ணாடித் திரைக்கு) கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஹட்டில் வரையாத பிக்சல் கண்ணாடியாகவே இருக்கும். டிராகிளியரையும் வானம், நில நிரப்பல்களையும் எடுத்துவிட்டுக் கோடும் எழுத்தும் மட்டும் விடுங்கள். பாகைக்கு 2.4 என்ற கணக்கும் இங்கே பொருந்தாது. கடலுக்கு மேலே பறந்துகொண்டு, வரைந்த தொடுவானம் கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தோடு மூக்குத் தூக்கலிலும் தாழ்த்தலிலும் ஒட்டி நிற்கும் வரை அந்த எண்ணை மாற்றுங்கள். இதற்காக அதை ஒரு பிராப்பர்ட்டி எண்ணாக (ஸ்கிரிப்டைத் தொடாமலே மாற்றக்கூடிய எண்ணாக) வெளியே வைப்பது நல்லது. ஸ்கிரிப்டில் கேட்கும் பெயரும் பிராப்பர்ட்டி பிளாக்கின் பெயரும் இடைவெளி உட்பட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

திருத்தியாயிற்று, ஆனால் எதுவும் மாறவில்லை

வாகனத்தில் வைத்த மைக்ரோகன்ட்ரோலர் ஒரு நகல். தனியாகச் சேமித்த கோப்பைத் திருத்தினால் வாகனத்துக்குள் இருப்பது மாறாது. வாகனத்தைத் திறந்து, அதில் வைத்துள்ள மைக்ரோகன்ட்ரோலரையே திருத்தி, வாகனத்தைச் சேமித்து, மறுபடி ஸ்பான் செய்யுங்கள் (விளையாட்டு உலகில் வரவழையுங்கள்). வெளியே நின்றுகொண்டிருக்கும் பழைய விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டு ‘இன்னும் அப்படியே இருக்கிறது’ என்பது அடிக்கடி நடப்பது. மைக்ரோகன்ட்ரோலரை அழித்துவிட்டுப் புதியதை வைத்தால் கம்பிகள் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு 0கள் தெரிந்தால் ஸ்கிரிப்டைத் தேடாமல் முதலில் மேலே உள்ள பச்சைச் சோதனைக்குத் திரும்புங்கள்.